ஒரே வண்டியில் வாழை குளிரில் கருத்தது, பீன்ஸ் சூட்டில் வெந்தது. எப்படி?

சின்னமனூர் ஜி9 எழுதியது:

வணக்கம். எங்கள் பக்கத்து வாழைக்காரர்கள் சிலர் சேர்ந்து, ஜி9 ரக வாழைத் தாரைச் சீப்பு சீப்பாக வெட்டி, படிகாரத் தண்ணீரில் பால் போகக் கழுவி, 13 கிலோ அட்டைப்பெட்டியில் போட்டுச் சென்னைக்கு அனுப்புகிறோம். இதுவரை சாதாரண லாரிதான். சித்திரை வெயிலில் காய் வாடுகிறது என்று வாங்குகிறவர் குறை சொல்லிக்கொண்டே இருந்ததால் இந்தத் தடவை ரீஃபர், அதாவது குளிரூட்டும் வசதி உள்ள வண்டி பேசினோம். 20 அடி பாடி. 350 பெட்டி வாழையை இங்கே மதியம் ஏற்றினோம். வாடகையைப் பங்கு போட ஆள் இருந்தால் நல்லது என்று, வத்தலக்குண்டில் ஒரு வியாபாரியின் பீன்ஸ் 150 கிரேட் ஏறியது. கொடைக்கானல் கீழ்மலைப் பீன்ஸ், அன்றைக்குக் காலையில் பறித்தது.

வாழைக்கு 13 டிகிரி வேண்டும், பீன்ஸுக்கு 5-க்கு மேல் போகக்கூடாது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வண்டிக்காரர், "நடுவில் 8 வைத்துவிடலாம், ரெண்டுக்கும் ஒத்துவரும்" என்றார். சாயங்காலம் வத்தலக்குண்டு விட்ட வண்டி விடியும்போது சென்னையில் நின்றது.

இறக்கும்போது வாழை பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் இருந்த பீன்ஸ் மட்டும் வெந்தது போல ஈரமாக, கை வைத்தால் கதகதவென்று இருந்தது. பாதிக்கு மேல் கழித்துவிட்டார்கள். சரி, பீன்ஸோடு போச்சு என்று நினைத்தால், நாலு நாள் கழித்து வாழை வாங்கினவர் போன் செய்கிறார்: எழுபது பெட்டி போல மஞ்சளே ஏறவில்லை, சாம்பல் பூசினது மாதிரி இருக்கிறது, பணம் தர முடியாது என்று. அந்தப் பெட்டிகள் எல்லாம் வண்டியில் முன்பக்கம், மேல் வரிசையில் இருந்தவை.

வண்டிக்காரர் வழி முழுக்கக் குளிரூட்டும் யூனிட்டின் டிஸ்ப்ளேயைப் படம் எடுத்து வைத்திருக்கிறார். எல்லாப் படத்திலும் 8, 8, 9, 8. "என் யூனிட்டில் குறை இல்லை" என்கிறார். படம் பொய் சொல்லவில்லை என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. அப்படியானால் ஒரே பாடிக்குள் ஒரு மூலையில் குளிர் தாக்கி, இன்னொரு மூலையில் சூடு தாக்கியது எப்படி? யாரிடம் நஷ்டம் கேட்பது? அடுத்த லோடுக்கு என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

தார்ப்பாய் எழுதியது:

பச்சைக் காயாகப் போகிற வாழைக்கு ரீஃபர் எதற்கு? பொழுது சாய்ந்து ஏற்றி, வாழைச் சருகு பரப்பி, மேலே தார்ப்பாயைக் காற்றுப் போகிற மாதிரி கட்டி, ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டினால் விடியும்போது கோயம்பேடு. எங்கள் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். ரீஃபர் வாடகையை மிச்சம் பிடித்தால் எழுபது பெட்டி நஷ்டத்தைக் கட்டிவிடலாம்.

---

சேம்பர் ஆள் எழுதியது:

நான் பழுக்க வைக்கும் சேம்பரில் வேலை பார்க்கிறேன். முதலில் அது குளிர் அடிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகமுள்ள காயின் தோலைக் கத்தி நுனியால் மெல்லச் சீவினாலோ, உரித்து உள்பக்கம் பார்த்தாலோ, பழுப்பு நிறத்தில் மெல்லிய கோடுகள் நீளவாக்கில் ஓடும். தோலுக்கு அடியில் இருக்கும் நரம்பு கருத்திருக்கும். அது குளிர் அடி. ஏற்றும்போது அடிபட்டிருந்தால் கறுப்பு ஓரிடத்தில் திட்டாக இருக்கும், கோடு ஓடாது. காயின் பாலும் காட்டிக்கொடுக்கும். நல்ல காயை உடைத்தால் பால் வெள்ளையாகச் சொட்டும், குளிர் தாக்கியதில் தண்ணீராக வரும்.

குளிர் அடி இறக்கும்போது தெரியாது என்பதுதான் இதில் பெரிய வம்பு. பச்சையில் எல்லாக் காயும் ஒன்று போலத்தான் இருக்கும். நாங்கள் 100 பிபிஎம் எத்திலீன் (காயைப் பழுக்க வைக்கும் வாயு) விட்டு 17, 18 டிகிரியில் பழுக்க வைக்கும்போதுதான் மஞ்சள் ஏறாமல் மங்கலாக நிற்கும். உள்ளே பழம் தின்ன நன்றாகவே இருக்கும், ஆனால் கடையில் யாரும் தொட மாட்டார்கள். அதற்குள் வண்டி அடுத்த லோடுக்குப் போயிருக்கும், பழி சேம்பர் மேல் விழும். எங்கள் மேல் எத்தனை தடவை விழுந்திருக்கிறது என்று கேளுங்கள்.

---

நாமக்கல் ரீஃபர் எழுதியது:

தம்பி, படம் பொய் சொல்லவில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். ஆனால் அந்தப் படத்தில் இருப்பது காற்றின் சூடு. உங்கள் காயின் சூடு அதில் எங்கேயும் கிடையாது. அதிலும் பாடி முழுக்க இருக்கும் காற்றும் இல்லை. ஒரே ஒரு இடத்துக் காற்று.

முதலில் ரீஃபர் டிரைவராக இருந்தேன், இப்போது சொந்தமாக வண்டி வைத்திருக்கிறேன். அந்த உரிமையில் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வாடகைக்கு வரும் 20 அடி வண்டிகளில் யூனிட் முன்சுவரில், மேலே இருக்கும். ப்ளோயர் கூரையை ஒட்டிக் குளிர்காற்றைப் பின்பக்கம் அடிக்கும். அது கதவு வரைக்கும் போய், கீழே இறங்கி, சரக்குக்கு நடுவிலும் அடியிலும் புகுந்து, முன்சுவருக்கே திரும்பி வரவேண்டும். திரும்பி வருகிற அந்தக் காற்றைத்தான் பெரும்பாலான வண்டிகளில் சென்சார் அளக்கிறது. டிஸ்ப்ளேயில் தெரிவது அந்த எண். ப்ளோயரிலிருந்து வெளியே வரும் காற்று அதைவிட நாலைந்து டிகிரி குறைவாக இருக்கும். யூனிட் முழு வேகத்தில் ஓடும்போது இன்னும் குறையும். ஆக செட் பாயின்ட் (யூனிட்டில் நாம் வைக்கிற டிகிரி) 8 என்றால், ப்ளோயருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கும் பெட்டி ராத்திரி முழுக்க 3, 4 டிகிரிக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டிருந்தது. உங்கள் எழுபது பெட்டி அதுதான்.

இனி பீன்ஸ். 350 பெட்டியும் 150 கிரேட்டும் 20 அடிக்குள் என்றால் கூரை முட்ட அடுக்கியிருப்பார்கள். பீன்ஸ் கதவோரம், கடைசியாக ஏறினது. அந்தக் கதவும் வத்தலக்குண்டில் ஏற்றி முடிக்கிற வரை ஒரு மணி நேரமாவது திறந்து கிடந்திருக்கும். கூரைக்கும் சரக்குக்கும் நடுவே சந்து இல்லாவிட்டால் காற்று பின்னால் போகாது. முன்வரிசையில் மோதி, அப்படியே கீழே இறங்கி, சென்சாருக்குத் திரும்பிவிடும். குறுக்கு வழியில் சுற்றுகிற காற்று. சென்சாருக்கு எட்டு டிகிரி வந்துவிட்டது, அது திருப்தியாகிவிட்டது, யூனிட் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. பின்னால் பீன்ஸ் புழுங்கிக்கொண்டிருந்தது. பீன்ஸ் சும்மா கிடக்கிற காயும் இல்லை. பறித்த பிறகும் மூச்சு விட்டுக்கொண்டே, தானாகவே சூடு உண்டாக்கிக்கொண்டே இருக்கும். சூடு ஏற ஏற மூச்சும் கூடும்.

ஆக, யூனிட்டில் குறை இல்லை என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஏற்றின விதம்தான் குறை.

இதில் டிரைவர்களைத் திட்டுவதற்கு முன் ஒன்று புரிந்துகொள்ள வேண்டும். ரீஃபர் ஓட்டுகிற நிறைய பேர் பழகினது ஃப்ரோசன் லோடில். நானும் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு உறைந்த இறால் ஓட்டித்தான் தொழில் கற்றேன். மைனஸ் 18-ல் இருக்கும் சரக்கு தானாகச் சூடு உண்டாக்காது. சுவர் வழியாக உள்ளே வருகிற வெக்கையை மட்டும் தடுத்தால் போதும். அதனால் சரக்கை ஒரே கட்டியாக நெருக்கி அடுக்கி, அதைச் சுற்றிலும் காற்று ஓடவிட்டால் சரி. காய் பழம் அப்படி இல்லை. அதன் சூட்டை வெளியே எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குக் காற்று சரக்கின் ஊடே போகவேண்டும். இறால் அடுக்குகிற கையால் பீன்ஸை அடுக்கினால் இப்படித்தான் ஆகும். ஏற்றுக்கூலிக்காரர்களிடம் இதை யாரும் சொல்வதும் இல்லை. சந்து இல்லாமல் அடுக்கினால்தான் நல்ல வேலைக்காரன் என்று அவர்களுக்குப் பழக்கியிருக்கிறோம்.

அடுத்த லோடுக்கு வண்டி வந்ததும் உடனே ஏற்ற ஆரம்பித்துவிடாதீர்கள். பகலில், நல்ல வெயிலில், நீங்கள் பாடிக்குள் ஏறி நின்று கதவைச் சாத்தச் சொல்லுங்கள். வெளியே நம்பகமான ஆள் ஒருவர் கதவுப் பக்கத்திலேயே நிற்கட்டும், யூனிட் அணைந்திருக்கட்டும். கண் இருட்டுக்குப் பழகினதும் சுற்றிப் பாருங்கள். கதவு ரப்பர் ஓரத்திலோ, தரை மூலையிலோ வெளிச்சம் ஊசி போல் தெரிந்தால் அந்த வழியாகத்தான் உங்கள் காசு போகிறது. தரையில் தண்ணீர் வடிகிற ஓட்டையையும் பாருங்கள். அடைப்பான் இல்லாத வண்டிகள்தான் அதிகம், வழி முழுக்க ரோட்டுச் சூடு அதில் ஏறும். உள்சுவரில் ஃபைபர் உடைந்து, உள்ளே பஞ்சு போலத் தெரியும் பியூ ஃபோமை (வெக்கை உள்ளே வராமல் தடுப்பது அதுதான்) கையால் அமுக்குங்கள். ஈரமாக இருந்தால் அந்தச் சுவர் இனி குளிரைத் தாங்காது.

கூரையில் ப்ளோயரிலிருந்து பின்னால் வரை கேன்வாஸ் குழாய் ஓடுகிறதா என்று பாருங்கள். காற்றைக் கதவு வரை கொண்டுபோவது அதுதான். இடிக்கிறது என்று பாதி வண்டிகளில் கிழித்துப் போட்டிருப்பார்கள். அது இருந்தால் அதற்குக் கீழேயே சரக்கை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் கூரைக்கும் சரக்குக்கும் குறைந்தது முக்கால் அடி விடுங்கள். கதவுக்கும் கடைசி வரிசைக்கும் நாலு விரல்கடை. தரையோடு தரையாகப் பெட்டி வைக்காமல் மரப்பலகை போடுங்கள், காற்று திரும்பி வருவதற்கு அடியில் வழி வேண்டும். அட்டைப்பெட்டியின் ஓட்டைகள் ஒன்றோடொன்று நேராக இருக்கிற மாதிரி அடுக்கச் சொல்லுங்கள். ஒரு வரிசையைத் திருப்பி வைத்தாலே ஓட்டை மூடிக்கொள்ளும்.

இன்னொன்று. யூனிட்டுக்குத் தனி டீசல் இன்ஜின் உண்டா, இல்லை வண்டி இன்ஜினிலிருந்தே ஓடுகிறதா என்று கேளுங்கள். சின்ன வண்டிகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான். வண்டியை அணைத்தால் கூலிங்கும் நின்றுவிடும். டிரைவர் வழியில் எங்காவது ஒரு மணி நேரம் கண் அசந்தால், அந்த ஒரு மணி நேரமும் உங்கள் சரக்கு வெறும் டப்பாவுக்குள் இருக்கிறது. சில வண்டியில் கரண்டில் ஓட்டுகிற ஸ்டான்ட்பை வசதி இருக்கும், ஆனால் அதற்கு நிறுத்துகிற இடத்தில் பிளக் வேண்டுமே.

எட்டு டிகிரி விஷயம்: இரண்டு சரக்குக்கு நடுவில் வைப்பது என்பது இரண்டையும் கெடுப்பதுதான். ஒரே பாடியில் போட்டே ஆகவேண்டும் என்றால் குளிர் தாங்காத சரக்குக்குச் செட் பாயின்ட் வையுங்கள். 13, 14-ல் பீன்ஸ் ஒரு ராத்திரி போனால் அதன் ஆயுளில் கொஞ்சம் குறையும், சாகாது. 8-ல் வாழை ஒரு ராத்திரி போனால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

தார்ப்பாய் அண்ணன் சொல்வதை நான் தள்ளவில்லை. தை, மாசியில் தேனியிலிருந்து சென்னைக்குப் பச்சைக் காய்க்கு ராத்திரி லாரியே போதும். மோசமான ரீஃபரைவிட நல்ல தார்ப்பாய் எவ்வளவோ மேல், ஏனென்றால் தார்ப்பாய்க்குள் காற்றாவது போகும். ஆனால் சித்திரை, வைகாசியில், வழியில் ஒரு டயர் போனால்கூட அந்தக் கணக்கு உதைக்கும்.

---

சின்னமனூர் ஜி9 எழுதியது:

அண்ணே, ரொம்ப நன்றி. வண்டியில் கேன்வாஸ் குழாய் எதுவும் இல்லை, இப்போதுதான் ஏற்றும்போது எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கூரை முட்டத்தான் அடுக்கியிருக்கிறார்கள். சேம்பர் அண்ணன் சொன்ன மாதிரி கோடும் ஓடுகிறது, வாங்கினவர் படம் அனுப்பினார்.

ஒரு சந்தேகம். அடுத்த தடவை வாழையை மட்டும் ஏற்றி, 13.5 வைத்து, சந்து விட்டு அடுக்கினால், மதியம் ஏற்றும் காய் எத்தனை மணிக்கு 13-க்கு இறங்கும்? எங்களிடம் குளிர் அறை கிடையாது. தோட்டத்திலிருந்து நேரே வண்டிதான்.

---

அறுவடைக்குப் பின் எழுதியது:

நான் காய் பழத்தைத் தரம் பிரித்துப் பெட்டி போடும் பேக்ஹவுஸ்களில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறவள். இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்லலாம். 350 பெட்டி, 13 கிலோ, மொத்தம் 4,550 கிலோ. ஒரு கிலோ வாழையின் சூட்டை ஒரு டிகிரி குறைக்க ஏறத்தாழ 3.35 கிலோஜூல் எடுக்க வேண்டும். மதியத்தில் காயின் சதை 30 டிகிரி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 14-க்கு வர 16 டிகிரி இறக்க வேண்டும். பெருக்கினால் இபி மீட்டர் கணக்கில் சுமார் 68 யூனிட் சூட்டை வெளியேற்ற வேண்டும். வண்டி யூனிட்டின் திறன் பேப்பரில் 5 கிலோவாட் என்றாலும், சுவர் வழியாக வரும் வெக்கை, கதவு திறந்தது, டிஃப்ராஸ்ட் (யூனிட்டில் படியும் பனியை உருக்குவது), காயே விடும் மூச்சுச் சூடு எல்லாம் போகச் சரக்குக்கு 3 கிலோவாட் கிடைத்தால் அதிகம். 68-ஐ 3-ஆல் வகுத்தால் 22, 23 மணி நேரம். உங்கள் வண்டி அதற்கு வெகு முன்னாலேயே சென்னையில் இருக்கும். அதுவும் காற்று எல்லாப் பெட்டிக்குள்ளும் சமமாகப் போகிறது என்று வைத்துக்கொண்டால்தான்.

ஆக இறங்காது. ரீஃபர் வண்டி ஹாட்பாக்ஸ் மாதிரி. சூடான இட்லியைச் சூடாக வைத்திருக்கும், ஆறின இட்லியைச் சூடாக்காது. குளிர்ந்த சரக்கைக் கொடுத்தால் குளிராக வைத்திருக்கும், அவ்வளவுதான்.

குளிரூட்டுகிற வேலை ஏற்றுவதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் ப்ரீகூலிங். குளிர் அறையில் பெட்டிகளை இரண்டு சுவராக அடுக்கி, நடுவில் சந்து விட்டு, அந்தச் சந்தின் மேலும் ஒரு முனையிலும் தார்ப்பாய் போர்த்தி மூடி, மறுமுனையில் பெரிய ஃபேன் வைத்துக் காற்றை உறிஞ்ச வேண்டும். காற்றுக்கு வேறு வழி இல்லாததால் பெட்டி ஓட்டைகள் வழியாகவே புகுந்து வரும். வெறுமனே குளிர் அறையில் அடுக்கிவைத்தால் ஒரு நாளுக்கு மேல் ஆகிற வேலை இதில் சில மணி நேரத்தில் முடியும். (தார்ப்பாய் சாருக்கு இது பிடிக்கும்.)

குளிர் அறை கட்ட ஒருங்கிணைந்த தோட்டக்கலை இயக்கத்தில் 35 சதவீத மானியம் உண்டு, ப்ரீகூலிங் அறைக்கும் ரீஃபர் வண்டிக்கும் சேர்த்து. ஆனால் வங்கிக் கடனோடு சேர்ந்தது, பணம் பின்னால்தான் வரும். நீங்கள் குழுவாக இருப்பதால் விசாரிப்பது நல்லது. அதற்கு முன், மாவட்ட வேளாண் வணிக அலுவலகத்தில் பக்கத்தில் வாடகைக்கு விடும் குளிர் அறை இருக்கிறதா என்று கேளுங்கள். சில இடங்களில் அரசு கட்டிய மையங்கள் பாதி காலியாகக் கிடக்கின்றன.

ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் நேரத்தை மாற்றுங்கள். காசு செலவில்லாத ப்ரீகூலிங் அதுதான். மதியம் வெட்டுவதை விட்டுவிட்டு, விடியற்காலையில் வெட்டி, நிழலில் கழுவி, பெட்டியை மூடாமல் காற்றாட வைத்துப் பொழுது சாய்ந்து ஏற்றுங்கள். கழுவும் தொட்டித் தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு நல்லது, வெயிலில் நிற்கும் சின்டெக்ஸ் டேங்கிலிருந்து பிடிக்காதீர்கள். 30-க்குப் பதில் 25-ல் ஏற்றினால் வண்டிக்கு மூன்றில் ஒரு பங்கு வேலை குறைந்துவிடும்.

குளிர் அடி பற்றி ஒரு அளவு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பச்சை வாழை 10 டிகிரியில் ஒரு மணி நேரம் இருந்தாலே போதும், தெரிகிற அளவுக்கு அடிபடும். 11.7-ல் என்றால் ஐந்து மணி நேரம் தாங்கும். 12.8-ல் மூன்று நாள். 13-க்கு மேலே கவலை இல்லை. ஒரு டிகிரி இங்கே எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்த்தீர்களா? செட் பாயின்ட் 14 வையுங்கள், 13.5 வேண்டாம். உங்களுக்கு வரும் வண்டியின் சென்சாரை அவ்வளவு நம்ப முடியாது.

கூட ஏற்ற ஆள் வேண்டும் என்றால் 12, 13 டிகிரி கேட்கும் சரக்காகத் தேடுங்கள். பூசணி, சேனை சரிப்படும். பழுத்த தக்காளி, பழுக்க ஆரம்பித்த மாம்பழம், பப்பாளி வேண்டாம். அவை விடும் எத்திலீனில் வாழை வழியிலேயே நிறம் திரும்பும். கேரட், கோஸ், காலிஃபிளவருக்கு 0 டிகிரி, அவை உங்களோடு சேரவே சேராது. பீன்ஸுக்கு 5 முதல் 7 வரை. வெண்டை, பச்சைமிளகாய் 7-க்கு மேல் கேட்கும், 8-ல் பீன்ஸோடு ஒரு வண்டியில் போகலாம். அந்தப் பீன்ஸ் வியாபாரிக்கு அப்படி ஒரு கூட்டாளியைச் சொல்லுங்கள்.

---

சின்னமனூர் ஜி9 எழுதியது:

மேடம், கணக்கு கண்ணைத் திறந்துவிட்டது. விடிகாலை வெட்டுக்கு ஆள் கிடைக்கும், கூலி கொஞ்சம் கூடும், பேசிக்கொள்கிறோம். நஷ்டம் கேட்பது பற்றி நாமக்கல் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லையே?

---

நாமக்கல் ரீஃபர் எழுதியது:

வேண்டுமென்றேதான் விட்டேன் தம்பி, நானும் வண்டிக்காரன் அல்லவா.

உள்ளதைச் சொல்கிறேன். இந்த லோடுக்கு உங்களால் முழுசாகக் கேட்க முடியாது. 8 என்று பேசி, 8 என்று ஓட்டியிருக்கிறார். ஏற்றும்போது காயின் சூடு எவ்வளவு என்று யாரும் எழுதவில்லை. அடுக்கினது உங்கள் ஆட்களா அவருடைய ஆட்களா என்பதற்கும் தாள் இல்லை. ஆனால் கேன்வாஸ் குழாய் இல்லாத வண்டியைக் காய்க்கு என்று வாடகைக்கு விட்டதும், 8 டிகிரி யோசனையைக் கொடுத்ததும் அவர்தான். அதைச் சொல்லி வாடகையில் ஒரு பங்கு குறைக்கக் கேளுங்கள். அடுத்த லோடு வேண்டும் என்று அவருக்கும் இருக்கும். வாங்குகிறவரிடம், குளிர் அடிபட்ட பழத்தை ஜூஸ் பக்கம் தள்ள முடியுமா என்று பேசிப் பாருங்கள். உள்ளே பழம் நன்றாக இருக்கும்போது முழுக் கழிவு போடுவது அநியாயம்.

இனி நீங்கள் செய்யவேண்டியது எழுத்து. குத்துகிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். வாங்கினதும் சோதித்துவிடுங்கள்: ஒரு டம்ளர் நிறைய நொறுக்கின ஐஸ், சந்து நிரம்புகிற அளவு மட்டும் தண்ணீர், நன்றாகக் கலக்கி, முள்ளை நடுவில் நிறுத்தி இரண்டு நிமிடம் பொறுத்தால் 0 காட்டவேண்டும். 2 காட்டினால் அந்த 2-ஐ எப்போதும் கழித்துக்கொள்ளுங்கள். ஏற்றும்போது முன்னால், நடுவில், பின்னால் என்று காயைக் குத்திப் பார்த்து, அந்த எண்களை எல்ஆரில் (லாரி ரசீதில்) எழுதி, டிரைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். குத்தின காயைத் தனியாக எடுத்துவிடுங்கள், அது பெட்டிக்குள் பழுத்தால் மற்றதையும் பழுக்க வைக்கும். செட் பாயின்ட் எவ்வளவு, யூனிட் விட்டுவிட்டு ஓடுமா நிற்காமல் ஓடுமா என்பதும் எல்ஆரிலேயே இருக்கட்டும். காய் பழத்துக்கு நிற்காமல் ஓடவேண்டும். டீசல் மிச்சம் பிடிக்கிற ஸ்டார்ட் ஸ்டாப் முறை ஃப்ரோசனுக்குத்தான் சரி.

டீசல் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். டிரைவர் யூனிட்டை அணைத்து டீசல் திருடுகிறான் என்று எல்லோரும் சொல்வார்கள். சிலர் செய்கிறார்கள், மறைக்கவில்லை. ஆனால் பல முதலாளிகள் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று டீசலை அளந்து கொடுத்துவிட்டு, டோலில், டிராஃபிக்கில், இறக்க இடமில்லாமல் மார்க்கெட் வாசலில் காத்திருக்கும் நேரத்தில் யூனிட் குடிக்கிற டீசலைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. குறைந்தால் பேட்டாவில் பிடிப்பார்கள். அப்புறம் அவன் என்ன செய்வான்? என் வண்டிகளில் யூனிட் டீசல் தனி, மணிக்கணக்கு மீட்டர்படி. அந்தத் தகராறு அதோடு முடிந்தது. நீங்கள் வண்டி பேசும்போதே, காத்திருக்கும் நேரத்து யூனிட் டீசலுக்கு யார் பொறுப்பு என்று கேட்டுவிடுங்கள். அதற்கு நேராகப் பதில் சொல்லாத ஆளிடம் வண்டி எடுக்காதீர்கள்.

---

தார்ப்பாய் எழுதியது:

மேடம் தார்ப்பாய்க்கு வேலை கொடுத்ததற்கு நன்றி. சித்திரைக்கு மட்டும் ரீஃபர் என்று ஒப்புக்கொள்கிறேன்.

---

சின்னமனூர் ஜி9 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வண்டிக்காரரோடு பேசினேன், வாடகையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சம்மதித்துவிட்டார். கேன்வாஸ் குழாயும் போட்டுத் தருகிறாராம். கடைசியாக ஒன்று: டேட்டா லாகர் என்று ஒன்று இருக்கிறதாமே, பென்டிரைவ் மாதிரி, வழி முழுக்கச் சூட்டைப் பதிந்து வைக்குமாம். அதை எங்கே வைப்பது?

---

அறுவடைக்குப் பின் எழுதியது:

ப்ளோயருக்கு எதிரே தொங்கவிடாதீர்கள், சுவரிலும் ஒட்டாதீர்கள். அங்கே வைத்தால் டிஸ்ப்ளே மாதிரி அதுவும் காற்றின் சூட்டைத்தான் சொல்லும், காயின் சூட்டைச் சொல்லாது. இரண்டு வாங்குங்கள். ஒன்று முன்வரிசையில் மேல் பெட்டிக்குள், குளிர் அடி அங்கேதான் விழும். இன்னொன்று கதவிலிருந்து இரண்டாவது வரிசையில், நடு உயரத்தில், பெட்டிக்குள் காய்க்கு நடுவே. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பதிகிற மாதிரி வைத்து, ஏற்றுவதற்கு முன் பட்டனை அமுக்கி ஓட ஆரம்பித்துவிட்டதா என்று பாருங்கள். லாகர் இருக்கும் பெட்டிக்கு வெளியே சிவப்பு டேப் ஒட்டி, எந்த வரிசை என்று எல்ஆரிலும் எழுதுங்கள். இறக்கும் இடத்தில் அதை எடுத்துவைக்க ஒருத்தரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். இல்லாவிட்டால் அது பெட்டியோடு பழுக்க வைக்கும் சேம்பருக்குப் போய்விடும்.

---

சேம்பர் ஆள் எழுதியது:

எங்கள் மேஜை டிராயரில் ஏற்கெனவே நாலு கிடக்கிறது. யாருடையது என்று தெரியவில்லை.